கண்மட்டம்

தரையிலிருந்து ஐந்தடி.
படம் மாட்டுகிறவன் கைக்கு அது மனப்பாடம்.
முப்பது வருடமாக இந்தப் புல்வெளி ஊரில்
மேயர்கள், கோதுமை வயல்கள், ராணியார்,
எல்லாரையும் ஐந்தடியில்தான் நிறுத்தியிருக்கிறேன்.

"மூன்றரை" என்றாள் டெல்ஃபின் வாஸ்கஹாட்.
அளவுநாடா சுருண்டோடிக் கூட்டுக்குள் ஒளிந்தது.
"கண்மட்டம் என்றல்லவா கடிதத்தில் இருக்கிறது?"
"ஆமாம். ஏழு வயதுக் கண்."

குழு கேட்டது வேறு.
நல்லிணக்கம் என்ற தலைப்பில் ஒரு சூரிய உதயம்,
காட்டு வாத்துகள், முடிந்தால்
கோத்துக்கொண்ட இரண்டு கைகள்,
மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக.
மானியத்தை மார்ச்சுக்குள் செலவழித்தாக வேண்டும்.

அவள் கொண்டுவந்தது ஒரு செருப்புப் பெட்டி.
புகையூட்டிய கடமான் தோலில்
மணிமணியாகத் தைத்த
நாற்பத்தொரு துண்டுகள், உள்ளங்கையளவு.
மூடியைத் திறந்ததும்
நூலகம் முழுக்க விறகுப் புகை.

பெல்ட் கொக்கி.
கன்னியாஸ்திரியின் இடுப்பிலிருந்து தொங்கும் சிலுவை.
மேசை விளிம்பு, அதன் மேல் பாதிக் கிண்ணம்.
லாரியின் பின்கதவுத் தாழ்ப்பாள்.
சட்டைக் காலரில் 37.

"முகமே இல்லையே?"
"அண்ணாந்து பார்த்தால் அடி."

முழங்காலிட்டு மாட்டினேன், இரண்டு நாள்.
இருபத்தாறாவது ஆணியில் சுத்தியல் நின்றது.
ஒரு கதவுக் குமிழ். எட்டுப் பட்டைக் கண்ணாடி.
பித்தளைக் கழுத்தில் குறுக்காக ஒரு கீறல்;
அதையும் விட்டுவிடவில்லை அவள்,
ஒற்றை வரிசை, கறுப்பு மணி.

எனக்குத் தெரியும் அதை.
பள்ளியை இடித்த கோடையில்
அப்பா ஆறு கதவுகள் வாங்கினார்,
கதவுக்கு இரண்டு டாலர்.
அன்று காலைகூட அதைத் திருப்பிக்கொண்டுதான்
பல் தேய்க்கப் போனேன்.

திறப்பு விழாவில் மேயர் ப்ளெட்
தம் உரையை ஐந்தடியில் வாசித்தார்.
நிமிர்ந்து நில்லுங்கள் என்றார் புகைப்படக்காரர்.
வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில்
மேயர் சிரிக்கிறார்,
பின்னால் வெறும் சுவர்.

கூட்டம் கலைந்தபின்
ஒருவர் இருவராகத் திரும்பி வந்தார்கள்.
ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர்
சுவரைப் பிடித்து, மூட்டு முனக, குந்தினார்.
தலைகுனிவார் என்று நினைத்தேன்.
குனிந்து பார்த்தார். நாற்பத்தொன்றையும்,
நண்டுபோல் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து.
எழ நேரமாயிற்று.
யாரும் கை கொடுக்கவில்லை,
அவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை குமிழைக் கழற்றித்
துண்டில் சுற்றி அவளிடம் எடுத்துப் போனேன்.
மன்னிப்பு என்ற சொல்லை
வண்டியிலேயே நாலு தரம் ஒத்திகை பார்த்திருந்தேன்.
அங்கே போனதும் துண்டுதான் பிரிந்தது, வாய் பிரியவில்லை.

கையில் வைத்து எடை பார்த்தாள்.
"உள்ளேயிருந்து திருப்பினால் இது திறக்காது.
இப்போது?"
"திறக்கும். அப்பா சரிசெய்தார்."
"எவ்வளவு நேரமாயிற்று?"
"ஒரு மத்தியானம்."
"ஒரு மத்தியானம்" என்றாள் அவள்.

கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.
ஒரு பக்கம் கனத்து இழுக்க, அதைச் சரிசெய்யாமல்
பனியில் நடந்து போனாள்.

என் குளியலறைக் கதவில்
மூன்றடி உயரத்தில் ஓர் ஓட்டை.
கயிறு கட்டி இழுத்துத்தான் திறக்கிறோம்.
கடையில் புதுக் குமிழ் பன்னிரண்டு டாலர்,
எப்போது வாங்குவாய் என்று
ரொக்ஸோலானா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.