வணிக மதிப்பு: இல்லை

ஓடாத ஏ.சி.க்குக் கீழே
சுங்க அலுவலகத்தின் மூன்றாம் கவுன்ட்டரில்
எங்கள் விருது
பதினோரு நாளாகக் குந்தியிருந்தது.

அட்டைப்பெட்டி. நாலு பக்கமும்
உடைந்த கோப்பையின் படம்.
எந்த நாட்டிலிருந்து என்றதற்கு
ஊர்ப்பெயர் வாயில் நுழையாமல் தயாளன்
"குளிர் நாடு சார்" என்றான்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்:
இது சிற்பமா, கண்ணாடிச் சாமானா?
சிற்பமென்றால் ஒரு வரி,
சாமானென்றால் வேறு வரி.

எங்களுக்கும் அதுதான் தெரியவில்லை.
எண்ணூர்ச் சாம்பலைச் சலித்து
பசையில் குழைத்து
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை ஒட்டிய மாடியில்
ஒன்பது பேர் அப்பிக்கொண்டிருக்கிறோம்,
பழைய வேட்டியில், பிளைவுட்டில், கழற்றிப்போட்ட கதவில்,
ஆறு வருஷமாய்.
நீங்க சங்கமா, ஆர்ட்டிஸ்டா, வேலையத்த கூட்டமா என்று
வாடகைக்கு வரும் பூபதியண்ணன்
மாதாமாதம் கேட்பார்.

பெட்டிக்கு முன்பே ஒரு கடிதம் வந்திருந்தது,
நடுவர் குழுவின் பாராட்டுரை.
ஷம்ஷாத் அக்காவின் மகன் தமிழில் படித்தான்:
"குரலற்றவர்களின் குரலாக..."
அவ்வளவுதான், அக்கா எழுந்துவிட்டாள்.
காசிமேட்டில் அவள் வஞ்சிரம் ஏலம் விட்டால்
பனைமரத்தொட்டி வரைக்கும் கேட்கும்.
"யாருடா குரலத்தவ? எவன் சொன்னான்?
நம்பர் இருந்தா குடு, பேசறேன்."

பரிசுப் பணம் இப்போதைக்கு வராது.
வெளிநாட்டுக் காசு வாங்க
எங்கள் பதிவில் ஒரு அனுமதி குறைகிறது.
விழாவுக்கு ஒருத்திக்குத்தான் விசா கிடைத்தது,
அதே தேதியில் அவள் தங்கச்சிக்கு வளைகாப்பு.
ஆக, வந்து சேர்ந்தது
இந்த ஒன்றரைக் கிலோ மட்டும்.
அதற்கு வரி நாலாயிரத்து முந்நூறு.

ஜெயசீலி சீட்டுப் பணத்திலிருந்து தந்தாள்.
செயினை மீட்க எடுத்த சீட்டு.
அவள் சொல்லவில்லை.
கணக்கு எழுதுகிறவள் நான், எனக்குத் தெரியும்.

மதிப்பு என்ற கட்டத்தில் பேனா நின்றது.
"வணிக மதிப்பு இல்லைன்னு போடும்மா,
எல்லாரும் அப்டித்தான் போடறது."
போட்டேன். கையெழுத்து வளைந்துபோனது.

முத்திரையைத் தூக்கியவர் பாதியில் நிறுத்தினார்.
"சாம்பல்னா... நம்ம சாம்பலா?
கத்திவாக்கத்துல எங்க மாடில
ஒரு வடாம் காயப்போட முடியல, அதுவா?"
அதேதான் சார்.
வேறொன்றும் கேட்கவில்லை.
சிற்பம் என்று எழுதிக் குத்தினார்.

ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே எட்டுப் பேர்.
நான் உட்கார்ந்தால் பெட்டிக்கு இடமில்லை.
"கண்ணாடிண்ணா, பாத்து ஓட்டு."
டிரைவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்,
அப்பால கல்மண்டபம் வரை
ஒவ்வொரு பள்ளத்திலும்
வண்டியை இறக்கி, மெல்ல ஏற்றினான்.

பள்ளிக்கூடப் பையனிடமிருந்து
நெற்றியில் வெல்டிங் கண்ணாடி ஏற்றிவிட்ட ஒருவருக்கு,
அவரிடமிருந்து பூக்காரம்மாவுக்கு,
மடி மாறி மடி மாறிப் போனது பெட்டி.
உள்ளே இன்னா கீதுன்னு யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
சொல்ல என்னிடம் ஒரு வாக்கியம் இல்லை.

தண்டையார்பேட்டையில் இறங்கினேன்.
"கெட்டியா புடி" என்று கொடுத்தாள் பூக்காரம்மா.
அட்டையில், சுங்க முத்திரைக்குப் பக்கத்தில்,
அவள் ஈரக் கை ஐந்து விரலோடு பதிந்திருந்தது.
மாடிப்படி ஏறுவதற்குள் காய்ந்துவிட்டது.