தொண்ணூற்றாறு

கட்டபெட்டில் அன்று விடியற்காலை நான்கு டிகிரி.
ஜீப் கண்ணாடியில் படிந்த உறைபனியை
ஏடிஎம் கார்டால் சுரண்டிவிட்டு யாரோ கிளம்பினார்.
அதே நேரத்தில் என் மேசைமேல்
தொண்ணூற்றாறு.

எட்டு வருஷப் பழசு.
சிங்காநல்லூர் ஹெர்பர்ட் கல்யாணச் செலவுக்கு விற்ற கேமிங் லேப்டாப்,
இருபத்திரண்டாயிரம், பையும் சேர்த்து.
"ஊட்டிப் பக்கம் கொண்டுபோறீங்க, சூடே ஆகாது" என்றார்.
மலையைப் பற்றிக் கீழே இருப்பவர்கள்
இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள்.
மேலே இருக்கும் நானும் நம்பினேன்.

எனக்கு டிகிரி தெரியும்.
டீ ஃபேக்டரி டிரையரில் பன்னிரண்டு வருஷம்.
முள் தொண்ணூற்றைந்தில் நின்றால்
டீ மேக்கர் தூங்கலாம், நான் தூங்கக் கூடாது.
இறங்கினால் இலை புழுங்கிப்போகும்,
ஏறினால் தீய்ந்த வாடை குன்னூர் ஏலம்வரை போகும்.
அதே எண் வீட்டிலும் வந்தபோது
பயமே வரவில்லை.
வேலை நடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

படம் நின்று நின்று போகத் தொடங்கியது.
பாலத்தில் ஓடுகிறேன், ஒரு கால் காற்றில்,
அது கீழே வர மூன்று வினாடி.
அதற்குள் சுட்டுவிடுகிறார்கள்.

ஹெட்போனில் நூருல், சாயல்குடிப் பையன், முகம் பார்த்ததில்லை:
"அண்ணே, ஏப்ரல்ல எங்க ரூமே நாப்பது.
அப்பக்கூட எனக்கு எண்பத்தொன்பதுதான் காட்டுச்சு.
பனியில உக்காந்துக்கிட்டு உங்களுக்குத் தொண்ணூத்தாறா?
உள்ள அடுப்பா வெச்சிருக்கீங்க?"

நிரோஷா கடையில் திறந்தோம்.
செல்போன் சர்வீஸ், ரீசார்ஜ், பாஸ்போர்ட் போட்டோ.
பத்துத் திருகு. தலை தேய்ந்த ஒன்றுக்கு மட்டும் அரை மணி நேரம்.
விசிறியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"எங்க வேலை செய்றீங்க?"

சூட்டைத் துப்ப வேண்டிய செம்புத் தகடுகளுக்கு முன்னால்
விரல் தடிமனில் ஒரு மெத்தை.
பழுப்பு. முகர்ந்தால் டஸ்ட் டீ.
என் ஸ்வெட்டரிலிருந்து, தலைமயிரிலிருந்து,
ஷிஃப்ட் முடிந்து குளிக்காமல் விளையாட உட்கார்ந்த
எல்லா இரவுகளிலிருந்தும்
தேயிலைப் பஞ்சு.
ட்வீசரால் இழுத்தாள், அடையாக வந்தது.
அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.

பழைய பேஸ்ட் சுண்ணாம்பாய் உதிர்ந்தது.
புதிதைப் பட்டாணி அளவு வைத்தபடி,
காய்கறிக்கு விலை சொல்வதுபோலச் சொன்னாள்:
"எண்பதுக்குள்ள இருந்தா கவலையில்ல.
விளையாடறப்ப எண்பத்தஞ்சு, சரி, பழசுதானே.
தொண்ணூறத் தாண்டி அங்கயே நின்னா கூப்பிடுங்க.
நூறத் தொடுறதுக்குள்ள அதுவே மெதுவாயிடும்,
அதுக்கு உயிர்மேல உங்களவிட ஆசை.
போர்வை மேல வெக்காதீங்க.
பனியிலருந்து கொண்டுவந்ததும் ஆன் பண்ணாதீங்க,
உள்ள வேர்த்திருக்கும்.
நானூத்தம்பது."

இப்போது எழுபத்தெட்டு.
கால் உடனே தரையில் இறங்குகிறது. பாலம் தாண்டிவிட்டேன்.
"மாஸ்ணே" என்கிறான் நூருல்.

ஆனால் இதை யாரிடம் சொல்வது,
டபிள்யூ, ஏ, எஸ், டி
நான்கு கட்டைகளும் சில்லென்று இருக்கின்றன.
இத்தனை மாதம் என் இடது கை
அங்கேதான் குளிர் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது,
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.
நேற்று விரல் மரத்துப்போய்
எதிரில் வந்தவனைத் தவறவிட்டேன்.

இரண்டரை மணி. வெளியே மூன்று டிகிரி.
அமைப்புகளுக்குள் போய்
நிழல்களை மட்டும் உயர்ந்த தரத்துக்கு மாற்றுகிறேன்.
மரங்களுக்கடியில் இருட்டு கெட்டியாகிறது.
விசிறி குரல் உயர்த்துகிறது.
எண்பத்தொன்று.
எண்பத்து மூன்று.
சுண்டுவிரலில் உணர்வு திரும்புகிறது.
எண்பத்து நான்கு.

போதும், அங்கேயே நில்.