ஈர ஆவி

உட்துறைமுகத்தில் நங்கூரமிட்ட பாய்ப்படகுக்காரர் ஒருவர்
பாரம் குறைக்கவென்று விற்றுவிட்டுப் போனது.
முழங்கை நீளம். பச்சைப் பெயின்ற். உள்ளே செப்புப் பொயிலர்.
இடப்பக்கச் சிலிண்டரில் ஒரு கீறல்,
அதைக் காட்டி இரண்டாயிரம் குறைத்தேன்.

உவர்மலையில், வீட்டின் பின்முற்றத்தில் தண்டவாளம்:
தண்ணீர்த் தாங்கியைச் சுற்றி, செவ்வரத்தையைச் சுற்றி,
குளியலறைப் பக்கம் ஒரு சின்ன ஏற்றம்.
சுற்றுக்குப் பதினொரு மீற்றர்.
வெறும் எஞ்சின் ஓடும்.
மூன்று பெட்டி கொழுவினால்
இரண்டாம் சுற்றில் ஏற்றத்தின் நடுவில் நின்று
மூக்குச் சிந்தும்.

அப்படித்தான் கொப்பியில் எழுதினேன், மூக்குச் சிந்தும் என்று.
புகைபோக்கியால் சுடுநீர் தெறித்து
என் கண்ணாடி முழுக்க எண்ணெய்ப் புள்ளி.

தீ காணாது, என்றாள் ஹில்மியா.
டச் பே கரையில் அவுட்போட் எஞ்சின் திருத்துகிறவள்;
எந்த நோய்க்கும் அவளிடம் மருந்து எரிபொருள்.
திரியை இழுத்து நீட்டினோம்.
நீலச் சுடர் மஞ்சளாகிக் கரி பிடிக்க
பாதுகாப்பு வால்வு வீரிட்ட வீரிடலில்
பக்கத்து வீட்டு நாய் எழும்பி வந்து பார்த்தது.
இரண்டரைச் சுற்று. நின்றது. சிந்தியது.

கச்சான் காற்று சூட்டைத் திருடுகிறதென்று
கம்பளி வெட்டிச் சுற்றிப் பித்தளைப் பட்டியால் இறுக்கினேன்.
மூன்று.
பிஸ்ரனுக்குப் புதிதாய்க் கிராபைற் நூல்.
மூன்றேகால்.
கால் சுற்றுக் கால் சுற்றாய் வாங்க
எனக்கு வயது நாற்பத்தாறு.

கன்னியாவில் அள்ளி ஊத்தன்,
பாதிக் கொதி அங்கேயே முடிஞ்சிருக்கும்,
என்றார் தவராசா உள்ளே இருந்து.
உப்புப் படியும் என்று கத்தினேன்,
பகிடிக்குப் பதில் சொல்கிறேன் என்று தெரியாமல்.

ஆஸ்பத்திரியில் என் வேலை
கத்தியும் கத்தரியும் அவிப்பது.
நூற்று முப்பத்துநாலு பாகை, பூட்டிய இரும்புக் கதவு.
புதன்கிழமை திறந்தால்
பொதிகள் எல்லாம் நனைந்திருந்தன.
நனைந்த பொதி சத்திரசிகிச்சைக்குப் போகாது.
பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும்.
ஈர நீராவி, என்று எழுதி
முற்றுப்புள்ளி வைத்த பேனை
அந்தப் புள்ளியிலேயே நின்று மை ஊறியது.

பத்தொன்பது வருடமாய் இதையே எழுதுகிறவள்
வீட்டுக்கு வந்து அந்தச் சின்னப் பொயிலரைக்
கழுத்துவரை நிரப்புகிறேன்,
விருந்தாளிக்குத் தேத்தண்ணி ஊற்றுவதுபோல.
கொதிக்கிற தண்ணீருக்குக் குமிழிவிட இடமில்லை;
ஆவியோடு தானும் தொற்றிக் குழாய் ஏறுகிறது.
இவ்வளவு நாளும் பிஸ்ரன் தள்ளியது
பெட்டிகளை அல்ல, தண்ணீரை.

அன்று மாலை ஊசிக்குழலால்
முப்பது மில்லி உறிஞ்சி எடுத்தேன்.
திரியையும் குட்டையாக்கினேன்.
ஹில்மியா முகம் சுளித்தாள்.

புகைபோக்கி வாயில் ஒன்றுமே தெரியவில்லை.
ஒரு விரற்கடைக்கு மேலேதான் வெள்ளை தொடங்கியது.
பார், என்றேன். எதை, என்றாள்.
அந்தத் தெரியாத இடத்தை.

ஏற்றத்தில் சத்தம் கனத்தது, நிற்கவில்லை.
நாலு. ஐந்து.
நாலாவது பெட்டியும் கொழுவினோம்,
அதில் அவள் தன் பெரிய ஸ்பானரை ஏற்றினாள்.
ஆறு. ஏழு. எட்டு.

படலை திறந்து கிடந்திருக்க வேண்டும்.
தெருவில் திரியும் மான்களில் ஒன்று
செவ்வரத்தை தேடி உள்ளே வந்து
தண்டவாளத்துக்குக் குறுக்கே நின்றது.
விசில் அடித்தேன். ஒரு காதை மட்டும் திருப்பியது.
ஹில்மியா பாய்ந்து ஆவியை மூடி
விரலைச் சுட்டுக்கொண்டு
தூஷணம் ஒன்று சொன்னாள்.
ஒரு சாண் இடைவெளியில் எஞ்சின் நின்றது,
சிந்தாமல்.

மான் குனிந்து ஸ்பானரை முகர்ந்தது.

கொப்பியில் எழுதினேன்:
எட்டேமுக்கால் சுற்று, நாலு பெட்டி, ஒரு ஸ்பானர்.
நின்றதற்குக் காரணம் என்ற கோட்டுக்கு எதிரே
கொஞ்சம் யோசித்து,
மான்.