பனி போன பிறகும்

தை மாசம் கேத்தி பள்ளத்தாக்கில்
யாருக்குத்தான் கால் மரக்காது?
விடிகாலை மூன்று மணி. கேரட் கழுவும் ஷெட்.
கணுக்கால் வரைக்கும் மண்ணும் தண்ணீரும்.
பெள்ளி பூட்ஸைத் தரையில் உதைத்து உதைத்து
"கால் இருக்கா, போச்சா?" என்பான்.
"போச்சு" என்போம் எல்லாரும்.
நானும்தான்.

மாசி போனது. பங்குனி வெயிலில்
பெள்ளிக்குக் கால் திரும்பி வந்தது.
எடை போடும் கமலத்துக்கு வந்தது.
மூட்டை தூக்கும் அசாம் பையன்களுக்கும் வந்தது.
எனக்கு வரவில்லை.
வலிக்கவில்லை என்று
யாரிடம் போய் முறையிடுவது?

சர்க்கரை இருந்தது, ஏழு வருஷமாக.
டீயில் போடாமல் குடிப்பதோடு
அதற்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது என்றிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை ஷெட் சாவியைக் காணோம்.
பூட்ஸுக்கு மேலே, ஆணியில்தான் தொங்கும்.
குவியலைக் கலைத்துத் தேடினோம்,
தைத்த மூட்டைகளைப் பிரித்துத் தேடினோம்.
எனக்கு பிபுல் மேல்தான் சந்தேகம்.
கத்தினேன்.
அவன் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினான்.
இழுத்த பைகள் நாய்க் காது மாதிரி தொங்க
அப்படியே அடுத்த மூட்டைக்குப் போனான்.

இருட்டி ஏழு மணி, வீட்டு வாசலில்
வலது பூட்ஸைக் கவிழ்த்தேன்.
விழுந்தது சாவி.

பித்தளைச் சாவி, பல் பல்லாக.
பதினாறு மணி நேரம் அதன் மேல் நின்றிருக்கிறேன்.
அதை மிதித்து நடந்து போய்த்தான்
அவனைத் திருடன் என்றிருக்கிறேன்.

செல்வராணி சாவியைப் பார்க்கவில்லை.
சாக்ஸைப் பார்த்தாள்.
"இது என்ன, கேரட் மண்ணா?" என்றாள்.
விளக்கை எடுத்து வந்த பிறகு
ஒன்றும் கேட்கவில்லை.

ஊட்டி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடச் சொன்னார் நர்ஸ்.
கையில் ஒரு நைலான் இழை.
"தொட்டதும் சொல்லுங்க."
காத்திருந்தேன்.
எங்கோ ரயில் ஊதியது. பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.
"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?"
"பத்து இடம் தொட்டாச்சுங்க."

இரண்டு விரலை எடுத்தார்கள்.
ஆறு மாசம் கழித்து வேலைக்குப் போனேன்,
உட்கார்ந்து செய்யும் வேலை, பில் எழுத.
ஆனாலும் பூட்ஸ் வேண்டும், தரை அப்படி.

மூன்று மணிக்கு பிபுல் என் பூட்ஸை எடுக்கிறான்.
கவிழ்த்துத் தட்டுகிறான்.
உள்ளே கைவிட்டு, முனை வரைக்கும் தடவுகிறான்.
"குச் நஹி" என்று கீழே வைக்கிறான்.
நான் சொல்லி அல்ல.

சாவி அவன் வீட்டு பூட்ஸில் கிடைத்ததா, என் பூட்ஸிலா என்று
இன்றுவரை ஷெட்டில் யாருக்கும் தெரியாது.
அவனுக்குத் தெரியும் போல.