மெட்ராஸ் என்றுதான் சொன்னான்

அம்பத்தூர் எஸ்டேட் நிறுத்தத்தில்
இரவு பத்தேகாலுக்கு இறங்கினால்
பதினொன்றுக்குள் என் காதில் இருப்பான்,
ஒன்பது டாலர் என்று
தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டவன்.
அம்மா வைத்த பெயரை
மூன்றாவது ஆல்பத்தில்தான் சொன்னான்,
அதுவும் ஒரு வழக்கு எண்ணோடு சேர்த்து.

அவன் பேசப் பேச டைப் அடிப்பது என் வேலை.
ஒலி நிமிடத்துக்கு நான்கு ரூபாய் எண்பது காசு.
நிமிடத்துக்கு இருநூற்றுச் சொச்சம் சொல் துப்புகிறவன் அவன்.
இழுத்து இழுத்துப் பாடும் ஆள் வாய்த்த ஜாக்குலினுக்கும்
அதே நான்கு எண்பது.
கேட்டதற்கு, "உனக்கு பீட்டு இருக்குல்ல"
என்றார் டீம் லீடர் தனசீலி.

முதல் ஆல்பத்தைத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து
பதிந்திருக்கிறான். நடுவில் ஒரு நாய். ஒரு ஃபிரிட்ஜ்.
வரிக்கும் வரிக்கும் இடையில்
பஸ்ஸைத் துரத்திப் படியில் தொற்றியவன் மாதிரி
மூச்சிழுக்கும் சத்தம்.
டயர் கம்பெனி மூடியதைப் பாடுகிறான்,
அதற்குப் பிறகும் அப்பா ஒரு மாதம்
சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் போனதை.
எங்கள் பக்கமும் அப்படி ஒரு கேட் உண்டு.
பூட்டின் மேல் பூட்டு, அதன் மேல் கோர்ட் நோட்டீஸ்.
அன்று பதினோரு நிமிடம் நான் ஒன்றும் அடிக்கவில்லை.
சிஸ்டம் அதை ஓய்வு என்று எழுதிக்கொண்டது.

இரண்டாவதில் வீடு வாங்கினான்.
அப்புறம் வேலி, வேலிக்குக் காவல்,
காவல்காரன் மேல் சந்தேகம்.
ஐந்தாவது முழுக்க வருமான வரி.
மூச்சை எடுத்துவிட்டார்கள்.
சுத்தமான ஒலிப்பதிவு, எங்கும் அவன் மூச்சே விடுவதில்லை.
விட வேண்டிய இடம் வரும்போது
என் நெஞ்சு தானாக இழுத்துக்கொள்கிறது.

ஆறாவதில், ஒன்பதாவது பாட்டு,
ஒரு நிமிடம் நாற்பத்திரண்டாவது நொடி.
அலமாரியைத் திறந்து காட்டுகிறான்.
இத்தாலிச் செருப்பு, ஏதோ பாம்புத்தோல்,
அப்புறம் கட்டம் போட்ட ஒரு சட்டை.
மெட்ராஸ் என்கிறான்.

பின்னால் ஓட்டிக் கேட்டேன். மெட்ராஸ்.
வேகத்தைப் பாதியாக்கினேன். மெ, ட், ரா, ஸ்.
ஹெட்போனைக் கழற்றி ஜாக்குலின் காதில் வைத்தேன்.
"நம்மளத்தான்டி சொல்றான்."
அது ஓர் ஊர் என்று தெரியுமோ என்னவோ அவனுக்கு.
அந்த ஊரும் பெயரை மாற்றிக்கொண்டது
நிச்சயம் தெரியாது.

அடித்து அனுப்பினேன்.
ஐந்தரைக்கு மணிலாவிலிருந்து திருத்தம் வந்தது.
மெட்ராஸை வெட்டி மேட்ரஸ்.
மெத்தை.
கேட்புப் பிழை, அரை மதிப்பெண் குறைப்பு.

ஆட்சேபம் எழுதினேன்.
மெத்தைக்கு எதற்கு பட்டன்?
அடுத்த வரியில் காலர் வருகிறதே, கவனித்தீர்களா?
நான் இங்கேதான் இருக்கிறேன், எனக்குத் தெரியும்.
கடைசி வரியை அழித்துவிட்டு அனுப்பினேன்.
முடிவு இறுதியானது என்றார்கள்.

இப்போது உலகமெங்கும் அந்தப் பாட்டின் அடியில்
மெத்தை ஓடுகிறது.
கொரட்டூர் ஸ்டேஷன் டீக்கடையில்
போனைப் பார்த்தபடி ஒரு பையன்
கூடவே முணுமுணுத்தான், மேட்ரஸ், மேட்ரஸ்.
தோளைத் தட்டிச் சொல்லியிருக்கலாம்.
கையெல்லாம் வடை எண்ணெய்.

போன வாரம் ஒரு மேடை வீடியோ வேலைக்கு வந்தது.
அந்த வரியில் அவன் நிறுத்தி
மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான்.
நாற்பதாயிரம் பேர் மெத்தை என்று கத்தினார்கள்.
புருவம் சற்றே தூக்கினான்.
பிறகு சிரித்து
அவனும் மெத்தை என்றே பாடினான்.

பாடுவதற்கு முன், மைக்குக்கு மிக அருகில்,
வெட்ட யாருக்கும் நேரம் கிடைக்காத ஒரு மூச்சு.

அடித்தேன் அதை. மூச்சு.
விதிப்படி அது தேவையற்ற ஒலி.
மணிலா இன்னும் பார்க்கவில்லை.