பதினோராம் பக்கம்

கூத்தாநல்லூர் கிளை நூலகம்.
சனிக்கிழமை, மூன்றரை மணி.
பாயை விரித்து நண்டுக் கதையை எடுத்தேன்.
வரப்பில் ஒரு வளை, வளைக்குள் அம்மா நண்டு,
பதினோராம் பக்கத்தில் கொக்கு.

கதை முடிந்ததும் என்னென்ன செய்யலாம் என்று
திருவாரூரில் ஒருநாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.
நடித்துக் காட்டச் சொல்லலாம்.
மண்ணில் பிடிக்கச் சொல்லலாம்.
முடிவை மாற்றச் சொல்லலாம்.

நண்டுபோல் நடங்கள் என்றேன்.
நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டேன் போல.
மிதுலன் அலமாரிகளைச் சுற்றி, படியிறங்கி,
பக்கவாட்டிலேயே
பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்விட்டான்.
டீக்கடைக்காரர் கூட்டிவந்து விட்டார்,
அவரும் பாதித் தூரம் பக்கவாட்டில்.

மண்ணுக்குப் பஞ்சமில்லை.
மேட்டூர்த் தண்ணீர் வந்து நாலு நாள்;
எல்லார் காலிலும் வாய்க்கால் இருந்தது.

"எங்கப்பா பாத்தா மிதிச்சிருவாரு" என்றான் அகரன்.
"வரப்பு பூரா ஓட்ட போட்டு
ராத்திரியே தண்ணிய வடிச்சிருது மிஸ்."
"சளிக்கு நண்டு ரசம்தான்" என்றாள் கனிஷ்கா.
"அம்மா நண்டையா?"
யார் கேட்டதென்று தெரியவில்லை.
கனிஷ்கா தன் மண்நண்டின் ஒரு காலைப் பிய்த்துப் பார்த்து
எச்சில் தொட்டு
மறுபடி ஒட்டினாள்.

முடிவை மாற்றினார்கள்.
கொக்குக்குப் பிரியாணி கிடைத்தது.
கொக்கு மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தது.
கொக்கே வராமல் மழை பெய்தது, ஒரே மழை,
பள்ளிக்கூடம் லீவு.

ஜுமானா மட்டும் எதையும் மாற்றவில்லை.
எட்டு வாரமாக வருகிறாள்,
குரல் எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியாது.
எல்லாரும் செருப்புத் தேடும் சமயத்தில்
தலையிலிருந்து கிளிப்பைக் கழற்றி
பத்தையும் பதினொன்றையும் முகத்தோடு முகம் வைத்து
இறுக்கிப் பூட்டினாள்.
இப்போது கதை
ஒன்பதிலிருந்து நேரே பன்னிரண்டுக்குப் போகிறது.
பன்னிரண்டில் வளை காலி.

"அம்மா நண்டு எங்கே?" என்றேன்.

"சபருக்குப் போயிருக்கு" என்றாள்.
கரகரத்த குரல்தான், கொஞ்சம் பெரியது.
"பெருநாளுக்கு வந்துரும்."

கிளிப் மஞ்சள் நிறம். ஒரு பல் இல்லை.
நான் கழற்றவில்லை.

அந்தப் புத்தகத்தை அகரன் வீட்டுக்கு எடுத்துப்போய்
ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தான்.
கிளிப் இருந்த இடத்தில் இருந்தது.
பன்னிரண்டாம் பக்கத்தில், காலி வளையின் வாயில்,
காய்ந்த மண் கட்டைவிரல் அளவுக்கு.

தண்ணீர் வடியாமல் அடைத்தானா,
கொக்கு எட்டிப்பார்க்காமல் மூடினானா,
சும்மா கைபட்டதா.

பதிவேட்டில் சேதம் என்றொரு கட்டம் இருக்கிறது.
அவனைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.
இன்னும் கேட்கவில்லை.