பொருக்கு

நூற்றுத் தொண்ணூற்று மூன்று பேர் இருக்கும் குழுவில்
நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.
கோரையாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
சிக்னல் இரண்டு கோடு, மழை பிடித்தால் ஒன்று.
மருந்துக் கிடங்கு ஜன்னலோரம் நின்றால்தான்
படங்கள் மங்கலிலிருந்து
மனசு வந்து தெளியும்.

காலை வணக்கம் ரோஜாக்கள்.
பப்பாளி இலைச் சாறு பற்றி யாரோ அனுப்ப
டாக்டர் மெர்லின் கேட்டார்: 'ஆதாரம்?'
பிறகு அரைநாள் குழுவில் ஈ பறக்கவில்லை.
நடுவே ஓர் ஈசிஜி, அதற்கு ஏழு விளக்கம்,
ஏழும் வேறு வேறு.
நடுவே யாருக்கோ வளைகாப்பு.

ஐப்பசியில், இரவுப் பணியில், அந்தப் படம் வந்தது.
ஒரு பெண்ணின் இடுப்பு மடிப்பு.
பாவாடை நாடா அழுத்திய தடத்துக்கு ஒரு விரற்கடை மேலே
மிளகைவிடச் சற்றுப் பெரிதாய்
ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம்.
அனுப்பியவருக்குப் பெயர் இல்லை, வெறும் எண்.
கீழே:
'உண்ணிக் காய்ச்சல். இது வலிக்காது, அதனால் சொல்ல மாட்டார்கள்.
நீங்கள்தான் தேட வேண்டும்.'

கட்டைவிரல் அதைத் தள்ளிவிட்டு மேலே போயிற்று.
போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

மார்கழி. சம்பா பால் பிடித்து நிற்கிறது.
செங்கமலம், நாற்பத்து மூன்று வயது,
ஆட்டுக்கு வரப்பில் புல் அறுக்கிறவள்.
காய்ச்சல் தொடங்கி ஒன்பது நாள்.
டெங்கு இல்லை, மலேரியா இல்லை,
டைபாய்டாக இருந்தாலும் இருக்கலாம் என்று
மன்னார்குடி லேப் எழுதிய சீட்டு மடியில்.
ரெண்டு எடத்துல ஊசி போட்டாச்சு என்றாள்,
திருடியதை ஒப்புக்கொள்கிறவள் போல.

திரையை இழுத்தேன்.
'எங்கயாவது புண்ணு இருக்கா?'
'இல்ல சிஸ்டர்.'
காதுக்குப் பின்னால் பார்த்தேன். அக்குள்.
மார்புக்கு அடியில்.
அவள் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தாள்.
நாடாவை அவிழ்க்கச் சொன்னபோது
'காய்ச்ச தலையிலதானே அடிக்குது?'

அங்கே இருந்தது.
சித்திரையில் வயல் வெடித்துச் சுருண்டு எழும்புமே,
அந்தப் பொருக்கில் ஒன்றைக் கிள்ளி
ஒட்டவைத்த மாதிரி.

டாக்டரைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தவர்
என்னை நிமிர்ந்து பார்த்தார்.
'யார் சொல்லிக் கொடுத்தது?'
என்ன சொல்ல? ஒரு எண்.
ஒரு இடுப்பு.

ஒரு டீயைவிட மலிவான மாத்திரை.
மூன்றாம் நாள் காலை தொண்ணூற்றெட்டரை.
'பசிக்குது சிஸ்டர்' என்றாள், கொஞ்சம் கோபமாக.

அன்று மதியம் மெதுவாகக் கேட்டேன்:
'அந்த எடத்த மட்டும் படம் எடுக்கட்டுமா?
முகம் வராது. பேரு வராது.
வேற நர்ஸுங்களுக்கு உதவும்.
வேணாம்னா வேணாம்.'
கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தாள்.
'நீங்களும் படத்துலதான் கத்துக்கிட்டீங்களா?'
'ஆமா.'
'அவ பொழச்சாளா?'

ஜன்னலோரம் போய் நின்று
ஐப்பசி வரை விரலால் ஏறினேன்.
படத்துக்குக் கீழே கைதட்டல்கள், கட்டைவிரல்கள்,
'அருமையான படம் சார்',
'பிரசன்டேஷனுக்கு எடுத்துக்கொள்ளலாமா?'
நூற்றுத் தொண்ணூற்று மூன்று பேரில்
என்னையும் சேர்த்துத்தான்
ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

திரும்பி வந்து தெரியாது என்றேன்.
அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு
சேலையைத் தானே ஒதுக்கினாள்.
'எடுத்துக்குங்க. இவ பொழச்சிட்டான்னு
கீழ எழுதிப் போட்ருங்க.'

இடுப்போரம் பச்சை குத்திய கொடியை வெட்டி நீக்கினேன்.
சுவரிலிருந்த ஊர்ப்பெயரை நீக்கினேன்.
அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன்.
அதற்குக் கீழே, குழுவில் என் முதல் கேள்வி,
அந்தப் பெயரில்லாத எண்ணுக்கு.

தூறல் விழத் தொடங்கியிருந்தது.
ஒரு கோடு.
படத்தின் மேல் வட்டம்
சுற்றிக்கொண்டே இருந்தது.